துணைக்கருவிகளின் தரம்: டெல்டாவில் எதை வைத்து அளப்பது?

திருத்துறைப்பூண்டியில் செல் கடைக்குப் பஞ்சமில்லை. வேதாரண்யம் பக்கத்திலிருந்தும் முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் பூச்சிமருந்து, மளிகை, நகை அடகு என்று வேலையை முடித்துக்கொண்டு, ஊர் திரும்புமுன் அங்கேயும் தலைகாட்டிவிட்டுத்தான் போகிறார்கள். கேட்பது பெரும்பாலும் புது ஃபோன் அல்ல. சார்ஜர், ஒயர், பேக் கேஸ், டெம்பர், ஹெட்செட், மெமரி கார்டு. "ஒரிஜினல் வேணுமா, லோக்கல் போதுமா?" என்பார் கடைக்காரர். "எத்தனை நாள் வரும்?" என்பார் வாங்க வந்தவர். இரண்டு கேள்விக்கும் உறுதியான பதில் அந்த மேசையின் எந்தப் பக்கத்திலும் கிடையாது.

ஃபோன்களைப் பற்றித் தமிழில் வரும் யூடியூப் மதிப்புரைகளுக்குக் கணக்கில்லை. துணைக்கருவிகளுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. ‘ஐந்நூறு ரூபாய்க்குள் அசத்தலான பத்து’ என்கிற வகை வீடியோவில் ஒவ்வொரு பொருளும் அரை நிமிடம் முகம் காட்டும்; கீழே வாங்குவதற்கான இணைப்பு இருக்கும். அந்தச் சோதனை நடக்கிற அறையில் மின்னழுத்தம் ஏறி இறங்காது. ஐப்பசி அடைமழையின் ஈரம் இருக்காது. உப்புக்காற்று வீசாது. நாற்று நட்டு வந்த கை அங்கே எதையும் தொடாது.

ஆகவே, அன்றாடத் துணைக்கருவிகளை ஒவ்வொரு வகையாக எடுத்து, அவற்றைப் பற்றித் தெரிந்த உண்மைகளையும் இந்த மண்ணின் தேவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது இக்கட்டுரை. பார்த்த அளவில் ஒன்று தெளிவாகிறது: நாம் செலவு செய்யும் வரிசை தலைகீழாக இருக்கிறது. கண்ணில் படும் பொருளுக்குக் காசு தாராளமாகப் போகிறது; மின்சாரத்தைச் சுமக்கும் பொருளுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கிறது.

கண்ணுக்குத் தெரியாததை அளந்தவர்

துணைக்கருவி மதிப்புரை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. யூஎஸ்பி டைப்-சி என்ற புதிய பின்னுக்கான வரையறை 2014 ஆகஸ்டில் வெளியானது. அடுத்த ஆண்டே அமேசானில் சி டைப் கேபிள்கள் குவிந்தன. கூகுளில் பொறியாளராக இருந்த பென்சன் லியுங், அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து, விற்பனைப் பக்கத்திலேயே மதிப்புரை எழுதத் தொடங்கினார்.

அவர் பார்த்தது ஒரே ஒரு சின்ன மின்தடையை. பழைய அகலப் பின்னிலிருந்து சி டைப்புக்குப் போகும் கேபிளுக்குள் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும் என்பது விதி. ‘எதிர்முனையில் இருப்பது பழைய துளை, அளவாக இழு’ என்று ஃபோனுக்குச் சொல்வது அதன் வேலை. பல கேபிள்களில் அதற்குப் பதில் 10 கிலோ ஓம் இருந்தது. அதைப் பார்க்கும் ஃபோன், 3 ஆம்பியர் கிடைக்கும் என்று நம்பி இழுக்கும். அதைத் தாங்க முடியாத சார்ஜரோ கணினியின் துளையோ சூடேறும். 2016 பிப்ரவரியில் அவருக்கு வந்த கேபிள் ஒன்றில் மின்சாரம் வரும் கம்பியும் தரைக் கம்பியும் இடம் மாறியிருந்தன. செருகியதும் அவருடைய குரோம்புக் பிக்ஸல் மடிக்கணினி வீணாகிப் போனது. அடுத்த மாதமே, விதிக்கு உட்படாத சி டைப் கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் தடை போட்டது.

அந்த மதிப்புரைகளின் அடிப்படை, வாங்குகிறவரால் பார்க்க முடியாததை அளந்து சொல்வது. நிறத்தையும் பெட்டியின் பளபளப்பையும் வாங்குகிறவரே பார்த்துக்கொள்வார். இந்த அடிப்படையைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர்ச் சரக்கைப் பார்ப்போம்.

சார்ஜர்: பொடி எழுத்தில் இருக்கிற ஜாதகம்

2020 அக்டோபரில் ஐஃபோன் 12 வந்தபோது பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. சில மாதங்களில் சாம்சங்கும் தன் விலை உயர்ந்த ஃபோன்களில் அதே வழிக்கு வந்தது. அதுவரை ஃபோனோடு ஒட்டி வந்த சார்ஜர், தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய பொருளாகிவிட்டது. தேர்ந்தெடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

சார்ஜரைத் திருப்பினால், கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். ‘இன்புட்’ வரியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தால், லோ வோல்டேஜிலும் அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். ‘அவுட்புட்’ வரியில் 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.22 ஆம்பியர் என்று ஜோடி ஜோடியாக எண்கள் இருக்கும். பெருக்கினால் வாட் வந்துவிடும்: முதலாவது 15, இரண்டாவது 20. பெட்டியின் முகப்பில் ‘65 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அடியில் 5 வோல்ட் 2 ஆம்பியர் மட்டும் அச்சிட்டிருந்தால் அது 10 வாட் சார்ஜர். முகப்பில் உள்ளது வெறும் விளம்பரம்.

வாட் கூடினால் வேகம் கூடிவிடும் என்பதும் பாதி உண்மைதான். ஓப்போ 2014இல் கொண்டுவந்த வூக் முறையும், சாம்சங், ஆப்பிள் போன்றவை பின்பற்றும் பவர் டெலிவரி முறையும் வேறு வேறு பாஷை பேசுபவை. ஒரு வகையின் 67 வாட் சார்ஜரை இன்னொரு வகை ஃபோனில் செருகினால், இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்த குறைந்த வேகத்தில்தான் ஏறும். ‘புது சார்ஜர் வாங்கியும் மெதுவாத்தான் ஏறுது’ என்று கடைக்குத் திரும்பி வரும் புகார்களில் பல இப்படிப்பட்டவை. பவர் டெலிவரியில் 2021இல் வந்த 3.1 பதிப்பு 240 வாட் வரை போகிறது. மடிக்கணினியும் அதே சார்ஜரில் ஓடும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் ஃபோன்களுக்கு சி டைப்பைக் கட்டாயமாக்கிவிட்டது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே, 2023 செப்டம்பரில், ஆப்பிளும் ஐஃபோன் 15இல் மாறிவிட்டது. இனி வாங்கும் சார்ஜர் பவர் டெலிவரி உள்ளதாக இருந்தால் அடுத்த ஃபோனுக்கும் ஆகும்.

வேகத்தை விடப் பெரியது உயிர். சார்ஜருக்குள் 230 வோல்ட் ஓடும் பக்கத்துக்கும் ஃபோனுக்குப் போகும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியும் உறுதியான காப்பும் இருக்க வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் கென் ஷிரிஃப் 2012இல் போலி ஐஃபோன் சார்ஜர் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, அந்த இடைவெளி எவ்வளவு அலட்சியமாக விடப்பட்டிருக்கிறது என்று எழுதிக் காட்டினார். அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனமான யூஎல், 2016இல் 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதித்தது. தேறியவை 3. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, சார்ஜில் போட்டபடியே ஃபோன் பேசும் வழக்கம் உள்ள வீடுகளில் அந்தச் சில மில்லிமீட்டர்தான் காவல்.

இந்தியாவில் இதற்கு ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012இல் வந்தது. சார்ஜர், பவர் பேங்க், வயர்லெஸ் கீபோர்டு, வயர்லெஸ் ஹெட்செட் எல்லாம் படிப்படியாக அதில் அடங்கின. பதிவு பெற்ற பொருளில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ‘ஆர்’ என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்கும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருள் என்று காட்டிவிடும். கடையில் நின்றபடியே செய்கிற வேலைதான். எண்ணே இல்லையென்றால் விலை எதுவானாலும் வேண்டாம். எண் இருந்து, செயலியில் வேறு பொருள் வந்தாலும் வேண்டாம்.

நல்ல சார்ஜருக்குச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. 2006 முதல் 2014 வரை நோக்கியா ஓடிய ஸ்ரீபெரும்புதூர் ஆலையைப் பின்லாந்தில் தோன்றிய சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்று 2019இல் அறிவிப்பு வந்தது. சார்ஜர் தயாரிப்பதே அதன் தொழில். உலகச் சந்தைக்குப் போகும் சார்ஜர் இந்த மாநிலத்திலேயே தயாராகிறபோது, டெல்டாக் கடைகளில் ஊர் பேர் அச்சிடாத வெள்ளைப் பெட்டி தொங்குவதற்குக் காரணம் விலை ஒன்றுதான்.

கேபிள்: எல்லாப் பழியும் ஃபோனுக்கு

‘சார்ஜ் ஏறல’ என்று சர்வீஸுக்கு வரும் ஃபோன்களில் கணிசமானவற்றின் கோளாறு கேபிளில் இருக்கிறது. மெல்லிய கம்பி உள்ள இரண்டு மீட்டர் கேபிளின் மொத்தத் தடை கால் ஓம் என்று வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே அரை வோல்ட் போய்விடும். 5 வோல்ட் கிளம்பினால் 4.5தான் ஃபோனுக்கு வந்து சேரும். ஃபோன் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத கதைதான் இது. தலைப்பில் எவ்வளவு திறந்தாலும் நடுவாய்க்கால் சரியில்லையென்றால் வயல் நனையாது.

ஆகையால் நீளமான கேபிள் வேண்டும் என்பவர் தடிமனானதாகப் பார்த்து வாங்க வேண்டும். இருபுறமும் சி டைப் உள்ள கேபிள் 3 ஆம்பியர் வரை, அதாவது 60 வாட் வரை, சாதாரணமாகத் தாங்கும். அதற்கு மேல் போக, கேபிளின் தலைக்குள் தன் திறனைச் சொல்லும் சில்லு ஒன்று இருக்க வேண்டும். பெரும்பாலும் மடிக்கணினிக்கு வாங்குபவருக்குத்தான் இது தேவை. துணிப் பின்னல் உறை, உலோகத் தலை இவையெல்லாம் பார்வைக்கு. ஒயர் அறுவது பெரும்பாலும் தலையும் கம்பியும் சேரும் கழுத்தில்தான். அங்கே ரப்பர் வளையம் நீளமாகவும் நெகிழ்வாகவும் இருக்கிறதா என்று வளைத்துப் பார்த்தால் போதும்.

இந்த ஒயர் அறும் பிரச்சினையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய கம்பெனியே எழுந்தது. இன்று ஹெட்செட்டுக்குப் பேர்போன போட், 2016இல் தொடங்கியபோது விற்ற முதல் சரக்கு எளிதில் அறாத ஐஃபோன் சார்ஜிங் கேபிள். கேபிளைச் சில்லறைச் சாமான் என்று ஒதுக்கியவர்கள் யோசிக்க வேண்டிய சேதி இது.

கஜாவுக்குப் பிந்தைய பவர் பேங்க்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கானது. ஜெனரேட்டர் வைத்திருந்த இடங்களில் ஃபோன்கள் வரிசை கட்டி நின்றன; காசுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுப்பது தற்காலிகத் தொழிலாகவே ஆனது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ‘உயிரோடு இருக்கிறோம்’ என்று சொல்லக்கூட வழியில்லாமல் இருந்த அந்த நாள்களுக்குப் பிறகு, இந்தப் பக்கத்தில் பவர் பேங்க் என்பது பயணச் சாமான் என்ற கணக்கிலிருந்து விலகி, அரிக்கேன் விளக்கு, தீப்பெட்டியோடு சேர்ந்துகொண்டது.

அதன் மதிப்பீடும் அந்தத் தேவையை வைத்தே இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு; ஆற்றலாகச் சொன்னால் 37 வாட் மணி. அதை 5 வோல்ட்டாக மாற்றும்போதும் சூடாகிப் போவதிலும் ஒரு பங்கு கழியும். கையில் கிடைப்பது ஆறாயிரத்துச் சொச்சம். நேர்மையான தயாரிப்பாளர் ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று அந்த இரண்டாவது எண்ணையும் அச்சிட்டிருப்பார். 5,000 எம்ஏஎச் ஃபோனை அது ஒன்றரை முறை நிரப்பும். இரண்டு முறை என்று சொன்னால் அது கடைப்பேச்சு.

புயல் செய்தி வந்ததும் சூடாக விற்கும் ‘சோலார் பவர் பேங்க்’ பற்றியும் சொல்லியாக வேண்டும். முதுகில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அகலத் தகடு நல்ல வெயிலில் தருவது ஒரு வாட் அளவில். 37 வாட் மணியை நிரப்ப 37 மணி நேரம் சுள்ளென்ற வெயில் வேண்டும். இழப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். நாளைக்கு ஐந்தாறு மணி நேர வெயில் என்று கொண்டாலே வாரம் ஓடிவிடும், அதுவும் கார்த்திகை மாதத்து மூடாப்பில்! கூடவே வெயிலில் கிடந்து லித்தியம் பேட்டரி உப்பும் ஆபத்து வேறு. டிராக்டரிலோ காரிலோ உள்ள 12 வோல்ட் துளையில் செருகும் நல்ல சார்ஜர் இதைவிடப் பல மடங்கு உருப்படியான புயல்காலத் துணை. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், அதன் பேட்டரி தீரும்வரை அதுவும் தேவையில்லை.

மின்சாரம் இருக்கும் நாள்களில் கவனிக்க வேண்டியது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ‘ஸ்பைக் கார்டு’ என்று விற்கும் பலவற்றுக்குள் ஒரு சுவிட்சும் சிறு ஃபியூஸும் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. திடீர் ஏற்றத்தை உறிஞ்சும் எம்ஓவி என்ற உறுப்பு இருந்தால், எத்தனை ஜூல் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த எண் இல்லாதது வெறும் பலகை. எம்ஓவி இருந்தாலும் இடிக்கு அது ஈடுகொடுக்காது. இடி மின்னல் என்றால் பிடுங்கிப் போடுவதுதான் பாதுகாப்பு. எர்த் கம்பி சரியில்லாத பழைய வீடுகளில், உலோக உடம்புள்ள மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுத் தடவினால் விரலில் ‘ஜிவ்’வென்று ஏறும். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர் வழியே கசியும் மின்சாரம் அது. நல்ல சார்ஜரில் ஆபத்தில்லாத அளவுக்குள் நிற்கும். மூன்று பின் செருகி எர்த் கிடைத்தால் அதுவும் இருக்காது. மட்டமான சார்ஜரில் அதே உணர்வு எச்சரிக்கை மணி.

ஈரம், உப்பு, அரிசி மூட்டை

தென்கிழக்கே வேதாரண்யம் உப்பளம், தென்மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என்று இரு பக்கமும் உப்புக்காற்று சூழ்ந்த ஊரில், ஃபோனின் சார்ஜ் துளைதான் முதலில் நோயாளியாகிறது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் சட்டைப்பை நூல்தூசு ஒரு பக்கம் கெட்டித்திருக்கும். நடு நாக்கின் தங்க நிறக் கோடுகளில் ஒன்றிரண்டு கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். ஈரம் இருக்கும்போது மின்சாரமும் ஓடினால் அந்த அரிப்பு பல மடங்கு வேகமாக நடக்கும். நனைந்த ஃபோனை உடனே சார்ஜில் போடாதே என்பதற்குக் காரணம் இதுதான்.

நனைந்த ஃபோனுக்கு நெற்களஞ்சியத்துக் கைவைத்தியம் எல்லோருக்கும் தெரியும்: அரிசி மூட்டைக்குள் புதைத்து வை. ஆப்பிள் 2024 தொடக்கத்தில் வெளியிட்ட உதவிக் குறிப்பு இதை வெளிப்படையாகவே வேண்டாம் என்கிறது. அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்குமாம். தவிட்டுப் பொடி படிந்த நம் புழுங்கலரிசியைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. துளை கீழே பார்க்கப் பிடித்து மெல்லத் தட்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் உலரவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்தே சார்ஜ் போடச் சொல்கிறது அந்தக் குறிப்பு. சி டைப் துளையை அடைக்கும் சின்ன ரப்பர் மூடி சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. வயலுக்குப் போகிறவர் வாங்கக்கூடிய ஆகச் சிறந்த துணைக்கருவி அதுவாகக்கூட இருக்கலாம். எந்த மதிப்புரையிலும் அது இடம்பெறுவதில்லை.

டெம்பர் கிளாஸ் கதை வேறு. ‘9எச்’ என்று எல்லாப் பெட்டியிலும் இருக்கும். வைரத்துக்கு அடுத்த கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பென்சில் கடினத்தன்மை அளவு: 9எச் பென்சிலால் கீறல் விழாது, அவ்வளவே. கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி ஆறை ஒட்டி நிற்கும். ஆற்று மணலில் உள்ள குவார்ட்ஸ் ஏழு. மணல் துகளோடு துடைத்தால் எந்த டெம்பரும் கீறும். ‘11டி’, ‘21டி’ என்பவற்றுக்குத் தர வரையறை எதுவும் கிடையாது. கீழே விழும்போது தான் உடைந்து திரையைக் காப்பது டெம்பரின் வேலை. அதற்கு ஓரம் வரை சரியாக ஒட்டியிருக்கும் சாதாரணக் கண்ணாடியே போதும். பேக் கேஸில் பார்க்க வேண்டியது, ஃபோனைக் குப்புற வைத்தால் திரை தரையில் படாதபடி விளிம்பு எழும்பியிருக்கிறதா என்பதை. மற்றபடி நடிகர் படம் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

காதுக்கும் கணினிக்கும்

ஹெட்செட் மதிப்புரைகள் ‘பேஸ்’ எவ்வளவு அதிர்கிறது என்பதிலேயே நின்றுவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். திருவாரூர் வரை டவுன் பஸ்ஸில் போய்வரும் கல்லூரிப் பிள்ளை, பஸ் இரைச்சலை அமுக்கவே சத்தத்தைக் கூட்டுவார். எல்லை தன்னையறியாமல் தாண்டிவிடும். காதை இறுக்கமாக அடைக்கும் ரப்பர் முனை மூன்று அளவுகளில் வருகிறதா, மைக் வெளி இரைச்சலில் பேச்சைத் தெளிவாகக் கொண்டுபோகிறதா என்பவைதான் இந்தப் பயன்பாட்டுக்கு உரிய சோதனை. மலிவு விலையில் இதைச் செய்கிறவற்றில் 1997 முதல் சென்னையிலிருந்து இயங்கும் செப்ரானிக்ஸ் போன்றவற்றுக்கு மாவட்டத் தலைநகரங்களில் சர்வீஸ் தொடர்பு உண்டா என்று கேட்டு வாங்குவது இன்னொரு சோதனை.

கணினிப் பக்கம் வந்தால், இந்த வட்டாரத்தின் பல வீடுகளுக்கு முதல் கணினி 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிதான். பிள்ளை வேலைக்குப் போன பிறகும் அந்த மடிக்கணினி வீட்டில் கிடக்கிறது. பேட்டரி செத்திருக்கும், சார்ஜர் மாற்று தேவைப்படும். மாற்று வாங்கும்போது வோல்ட் எண் அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் எண் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின் முனையின் பருமன் பொருந்த வேண்டும். முதலில் பார்க்க வேண்டியவை இந்த மூன்றும்தான். 2025-26 பட்ஜெட்டில் இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிச் சாதனம் தருவதாக அரசு அறிவித்தது. புதுக் கணினியோடு வரும் சார்ஜரின் ஆயுள் முடியும் நாளில் இதே கேள்வி பெரிய அளவில் திரும்பி வரும்.

கீபோர்டு என்றால் டி.டி.பி. சென்டர், பத்திர எழுத்தர், இ-சேவை மையம் மூன்றும்தான் உண்மையான சோதனைக்கூடங்கள். மெல்லிய ரப்பர் படலம் உள்ளவை சில பத்து லட்சம் தட்டல்களில் சோர்ந்துவிடும். ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுருள்வில் உள்ள மெக்கானிக்கல் வகை ஐந்து கோடித் தட்டல் வரை கணக்கிடப்பட்டது. சென்னைக் கம்பெனியான டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் ‘டிவிஎஸ் கோல்டு’ அப்படிப்பட்டது. ‘டிக் டிக்’ என்று தெரு வரை கேட்கும், விலையும் கூடுதல். இருந்தும் வங்கியிலும் அலுவலகத்திலும் அது ஆண்டுக்கணக்கில் ஓடுவதைப் பார்த்தால் மலிவு எது என்ற கணக்கு மாறிவிடும். தமிழுக்குத் தனி கீபோர்டு தேட வேண்டியதில்லை. 1999இல் சென்னை மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 முறையில் உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைந்திருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டிச் சில வாரம் பழகினால் போதும்.

பென் டிரைவில் இரண்டு பொறிகள். ஒன்று, ‘2 டிபி, ஐந்நூறு ரூபாய்’. கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி உள்ளிருக்கும் சில்லை மாற்றியிருப்பார்கள். உண்மை அளவு தாண்டியதும் பழைய கோப்புகள் மேல் புதியவை எழுதப்பட்டு, கல்யாண வீடியோ காணாமல் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். மற்றது, டிராக்டரில் பாடாத பென் டிரைவ். அந்தப் பழைய பாட்டுப்பெட்டிகளில் பலவற்றுக்கு ஃபேட்32 என்ற வடிவம்தான் தெரியும். 64 ஜிபி டிரைவ்கள் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. பொருள் நல்லதுதான், ஃபார்மட் மாற்றினால் பாடும்.

இந்தப் பகுதியில் தனியாகப் பேச வேண்டிய துணைக்கருவி ஒன்று உண்டு: ரேகை வைக்கும் கருவி. ரேஷன் கடையிலும் இ-சேவையிலும் முதியோர் பணம் எடுக்குமிடத்திலும் அதுதான் வாசல். நடவும் களையெடுப்பும் உப்பளமும் பழகிய கட்டைவிரலில் கோடுகள் தேய்ந்து, நடுவில் வெடிப்பு குறுக்காக ஓடும். கருவி சிவப்பு விளக்கு காட்டும். விரலை முந்தானையில் துடைத்து, தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி, மறுபடி வைப்பார்கள். அடுத்த விரல், அதற்கடுத்த விரல். ஆதார் ஆணையம் இப்போது கேட்கும் எல்1 வகைக் கருவி, ரேகையைத் தன்னுள்ளேயே பூட்டி அனுப்புகிறது. திருட்டுக்கு எதிராக அது நல்ல முன்னேற்றம். தேய்ந்த விரலுக்கு அதனால் மட்டும் விடிவு வராது. கருவியை வாங்கும் மையங்கள் வேகத்தையும் விலையையும் பார்ப்பதோடு, உலர்ந்த விரலைப் படிக்கும் திறனையும் கேட்டு வாங்க வேண்டும். பிஎம் கிசான் செயலியில் 2023 ஜூனில் முகம் காட்டிச் சரிபார்க்கும் வசதி வந்தது இந்தக் குறையை அரசே உணர்ந்ததற்கு அடையாளம்.

மதிப்புரையை யார் மதிப்பிடுவது?

இணையத்தில் ஐந்து நட்சத்திரத்தை நம்பி வாங்குவதிலும் சிக்கல் உண்டு. பெட்டிக்குள் ‘ஐந்து ஸ்டார் போட்டால் காசு திருப்பித் தருகிறோம்’ என்ற சீட்டு வைப்பது உலகம் முழுக்க உள்ள தந்திரம். இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது: மதிப்புரை எழுதுபவர் உண்மையான ஆள்தானா என்று உறுதிசெய்வது, காசு வாங்கி எழுதியதைத் தெரியப்படுத்துவது, பாதகமானதை மறைக்காமல் இருப்பது. நல்ல தரம்தான், அதை ஏற்பது தளங்களின் விருப்பம் என்று விட்டதால் பல் இல்லை. அமெரிக்காவில் போலி மதிப்புரைக்குத் தடை விதித்த விதி 2024 அக்டோபரில் அபராதத்தோடு நடைமுறைக்கு வந்தது. நாமும் அங்கேதான் போக வேண்டும்.

உள்ளூர்க் கடைக்கு இணையத்தில் இல்லாத ஒரு தகுதி இருக்கிறது: திரும்பப் போய் நின்று கேட்கலாம். ‘செக் பண்ணி எடுத்துக்கோங்க, கேரண்டி கிடையாது’ என்ற வாசகம் அந்தத் தகுதியைக் கெடுத்துவிடுகிறது. பில் கேட்பது சண்டைக்கு இழுப்பதாகப் பார்க்கப்படுகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றிய புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. இருநூறு ரூபாய்ச் சார்ஜருக்கு யாரும் ஆணையத்துக்குப் போகப் போவதில்லை. அந்தச் சார்ஜரால் இருபதாயிரம் ரூபாய் ஃபோன் போனால் போக வேண்டிவரும். அப்போது கையில் பில் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது.

மொத்தத்தில், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் துணைக்கருவிக்கு என்று ஒதுக்குபவர் பாதிக்கு மேல் பதிவெண் உள்ள சார்ஜருக்கும் தடிமனான கேபிளுக்கும் கொடுக்கலாம். அடுத்து, மின்சாரம் ஏறி இறங்கும் வீடென்றால் ஜூல் எண் அச்சிட்ட ஸ்பைக் கார்டு. புயல் வட்டாரமென்றால் அதற்கென்று தனியாகச் சேர்த்து ஒரு பவர் பேங்க். டெம்பர், பேக் கேஸ், ரப்பர் மூடி மூன்றுக்கும் இருநூறுக்கு மேல் வேண்டாம். மிச்சமிருந்தால் ஹெட்செட். இப்போது கடைகளில் நடப்பது இதற்கு நேர் எதிர்.

தமிழில் மதிப்புரை செய்கிறவர்களிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பெட்டி பிரித்த அன்று ஒரு வீடியோ போட்டால், அதே பொருளைப் பற்றி ஒரு மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் இன்னொன்றும் போடுங்கள். பதிவெண்ணைத் திரையில் காட்டுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி மீட்டரைச் செருகி, அச்சிட்ட வாட்டும் வந்த வாட்டும் எவ்வளவு என்று சொல்லுங்கள். மாவட்டத்துப் பாலிடெக்னிக் மாணவர்களும் செய்யக்கூடிய வேலை இது. கடைத்தெருவில் தொங்கும் சரக்கை வாங்கி அளந்து, ஊர்ப் பெயரோடு பட்டியல் வெளியிட்டால் கடைக்காரரே அடுத்த முறை சென்னை ரிச்சி தெருவில் கொள்முதல் செய்யும்போது பதிவெண் பார்த்து எடுப்பார்.